பேப்பர் போட்ட சைக்கிள் மலை இறங்கின கதை

இன்னைக்கு எபிசோட் சைக்கிள் பத்தி. லட்ச ரூபாய் கார்பன் சைக்கிள் பத்தி வேற யாராவது பேசட்டும். அப்பார்ட்மென்ட் பார்க்கிங்ல, தூணுக்குப் பின்னாடி, ரெண்டு டயர்லயும் காத்து இறங்கி, தூசி படிஞ்சு ஒரு பழைய கியர் சைக்கிள் நிக்குமே, நம்ம ஆள் அதுதான். நம்ம ஊர்ல அதுக்குப் பேர் கியர் சைக்கிள். ஊர் உலகத்துல மவுன்டன் பைக், இல்லேன்னா எம்.டி.பி.

1980கள்லயும் 90கள்லயும் வந்த ஸ்டீல் ஃப்ரேம் மவுன்டன் பைக்குகளைத் தேடி வாங்கி, முள்ளு டயரைக் கழற்றி வழவழப்பான டயர் போட்டு, கூடையும் கேரியரும் மாட்டி, ஆபீசுக்கும் காய்கறி வாங்கவும் ஓட்டுகிற ஒரு கூட்டம் இன்னைக்குப் பல நாடுகள்ல இருக்கு. ஏன் குறிப்பா அந்தச் சைக்கிள்? பழசுன்னா எத்தனையோ பழைய சைக்கிள் இருக்கே? இதுக்குப் பதில் அந்த வண்டியோட பிறப்புல இருக்கு. அது பிறந்ததே ஒட்டுப்போட்ட வண்டியாத்தான். இங்கேருந்து ஒண்ணு, அங்கேருந்து ஒண்ணுன்னு பொறுக்கிச் சேர்த்த வண்டி. அதனாலதான் இன்னைக்கும் அது மேல எதை வேணும்னாலும் மாட்ட முடியுது. எப்படின்னு பார்ப்போம்.

1933க்குப் போகணும். இடம் சிகாகோ. அமெரிக்காவுல பொருளாதாரப் பெருமந்தம். பெரியவங்க ஏற்கெனவே காருக்குப் போயாச்சு. சைக்கிள்னா அங்கே சின்னப் பசங்க சாமான்னு ஆகிவிட்டது. அப்போ இருந்த டயர் ரிம்மோட ஒட்டுகிற ஒல்லி டயர். பசங்க பிளாட்பாரத்து மேல ஏத்தி இறக்கினா சீக்கிரம் போயிடும். அப்பதான் ஃபிராங்க் ஷ்வின், தன்னோட ஷ்வின் கம்பெனி சைக்கிள்ல ஒரு பருமனான டயரைக் கொண்டுவந்தார். உள்ளே தனி ட்யூப். அளவு 26 x 2.125. கார் டயரைச் சின்னதாக்கின மாதிரி இருக்கும். பலூன் டயர் என்று பேர் வந்தது.

இந்த டயர் உட்காருகிற ரிம்மோட விட்டம் 559 மில்லிமீட்டர். இந்த நம்பரை ஞாபகம் வெச்சுக்கோங்க, திரும்ப வரும்.

அந்தச் சைக்கிள் கனம். இரும்புக் கனம். ஒரே கியர். பெடலைப் பின்னாடி மிதிச்சா பிடிக்கிற பிரேக், அதுவும் பின் சக்கரத்துக்கு மட்டும். பேப்பர் போடுகிற பசங்க காலையில கட்டுக் கட்டா செய்தித்தாளை ஏத்திக்கிட்டு வீடு வீடாப் போனது இந்த மாதிரி வண்டிகள்லதான். மட்கார்ட், செயின் கவர் எல்லாம் உண்டு. சிலதுல பார்க்க பைக் மாதிரி இருக்கட்டும்னு பெட்ரோல் டேங்க் மாதிரி ஒரு தகர டப்பா கூட வெச்சு விற்றார்கள். மொத்தத்துல தினசரி வேலைக்கான சைக்கிள்.

இப்போ நாற்பது வருஷம் தள்ளி வாங்க. 1973. சான்ஃபிரான்சிஸ்கோவுல கோல்டன் கேட் பாலத்தைத் தாண்டி வடக்கே போனா மரின் கவுன்ட்டி. அங்கே தமால்பைஸ்னு ஒரு மலை, சுத்தி முழுக்க மண் பாதை. காட்டுத்தீ வந்தா தீயணைப்பு வண்டி போக வெட்டின பாதைகள். ஜோ பிரீஸ்னு ஒரு இளைஞர், சாலை சைக்கிள் ரேஸ்காரர், 1941ஆம் வருஷத்து ஷ்வின் ஒண்ணை 5 டாலருக்கு வாங்கினார். அஞ்சே டாலர். மலை மேல கொண்டுபோய் ஓட்டிப் பார்னு நண்பர் சொன்னதைக் கேட்டு, தேவையில்லாததை எல்லாம் கழற்றிப் போட்டுவிட்டு தமால்பைஸ் மலையில இறக்கினார்.

இதை முதல்ல செஞ்சது அவர்னு நினைக்க வேண்டாம். லார்க்ஸ்பர் கேன்யன் கேங்னு ஒரு பசங்க கூட்டம் அதுக்கு முன்னாடியே அதே மலையில பழைய சைக்கிள்ல இறங்கிக்கிட்டு இருந்தது. இந்த வண்டிகளுக்கு அங்கே க்ளங்கர்னு பேர். நம்ம பாஷையில சொன்னா டப்பா வண்டி.

கவனிங்க, இவங்கள்ல பலபேர் நல்ல சைக்கிள் இல்லாதவங்க கிடையாது. ஜோ பிரீஸ், கேரி ஃபிஷர், சார்லி கெல்லி மூணு பேரும் வெலோ கிளப் தமால்பைஸ்ங்கிற ரேஸ் கிளப்ல இருந்தவங்க. வீட்டுல மெல்லிய டயர் போட்ட இறகு மாதிரி சைக்கிள் நிக்குது. ஆனா மண் பாதைக்கு அது ஆகாது. பேப்பர் பையனோட சைக்கிள்தான் தாங்குது. காரணம் அந்தப் பருமன் டயர்.

ஒரு கஷ்டம் இருந்தது. கியர் இல்லாததால இறங்கத்தான் முடியும், மேல ஏற தள்ளணும், இல்லேன்னா யாராவது டிரக்ல ஏத்திக்கிட்டுப் போகணும். இதுக்கு வழி காட்டினது வேற ஊர்க்காரங்க. 1974 டிசம்பர்ல மரின் பக்கம் மில் வேலியில ஒரு சைக்ளோகிராஸ் போட்டி. குபெர்டினோ ஊர்லேருந்து மாரோ டர்ட் கிளப்னு ஒரு சின்னக் குழு வந்தது. அவங்க டப்பா வண்டிகள்ல டிரெய்லர் கியர், கட்டை விரலால தள்ளுகிற ஷிஃப்டர், பைக் பிரேக் லீவர் எல்லாம் இருந்தது. மரின்காரர்கள் அதைப் பார்த்தார்கள். மாரோ குழு அதுக்கப்புறம் இந்தக் கதையில பெருசா வரவே இல்ல. எனக்கு இந்த மாதிரி ஆட்களை ரொம்பப் பிடிக்கும். வந்தாங்க, காட்டினாங்க, போயிட்டாங்க.

கேரி ஃபிஷர் தன்னோட பழைய ஷ்வின்ல வேலையை ஆரம்பித்தார். ரெண்டு பேர் மிதிக்கிற டாண்டம் சைக்கிளோட டிரம் பிரேக், மோட்டார் சைக்கிளோட பிரேக் லீவர், டூரிங் சைக்கிளோட கியர். எல்லாம் வேற வேற வண்டிகளுக்காகச் செஞ்சது. கடையில மவுன்டன் பைக் பார்ட்ஸ்னு ஒண்ணு கிடையவே கிடையாது, மவுன்டன் பைக்கே இல்லாதபோது எங்கேருந்து வரும்?

1976 அக்டோபர் 21. ஃபேர்ஃபேக்ஸ் ஊருக்கு மேற்கே ஒரு மலைப்பாதையில சார்லி கெல்லியும் நண்பர்களும் ஒரு ரேஸ் வெச்சாங்க. 3 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகமான தூரம், அதுக்குள்ள ஏறத்தாழ 400 மீட்டர் இறக்கம். ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா விட்டு நேரம் குறிப்பாங்க. முதல் ரேஸ்ல ஜெயிச்சவர் ஆலன் பான்ட்ஸ். அன்னைக்கு விழாமல் வந்து சேர்ந்தவர் அவர் ஒருத்தர்தான், அதான் ஜெயிச்சார்.

அந்த ரேஸுக்கு ரீபேக்னு பேர் வந்த கதைதான் எனக்கு இதிலேயே பிடிச்ச பகுதி. பின்னாடி மிதிச்சுப் பிடிக்கிற பிரேக் ஹப்புக்குள்ள இருக்கும். அவ்வளவு செங்குத்தா இறங்கும்போது விடாம பிரேக் பிடிச்சா ஹப் கொதிச்சு, உள்ள இருக்கிற கிரீஸ் புகையாப் போயிடும். கீழ வந்ததும் ஹப்பைப் பிரிச்சு புது கிரீஸ் அடைச்சாத்தான் அடுத்த தடவை ஓட்ட முடியும். அந்தத் திரும்ப அடைக்கிற வேலைதான் ரீபேக். ஒவ்வொரு இறக்கத்துக்கும் ஒரு ஓவராயில்! நம்ம சைக்கிள் கடைக்காரர் கேட்டா சந்தோஷப்படுவார்.

அந்தப் பாதையில கடைசி வரை நின்ன ரெக்கார்ட் கேரி ஃபிஷரோடது, 4 நிமிஷம் 22 விநாடி. ஜோ பிரீஸ் 4:24. இதையெல்லாம் இன்னைக்குப் படமாப் பார்க்க முடியுதுன்னா அதுக்கு வென்டி கிராக் காரணம். அவங்களும் அந்தக் கூட்டத்துல ஓட்டினவங்க, கேமராவும் கையுமா இருந்தவங்க.

பழைய ஷ்வின் ஃப்ரேம் மலை அடியைத் தாங்காம வளையும், உடையும். நல்லதாக் கிடைக்கிறதும் குறைஞ்சுக்கிட்டே வந்தது. 1977ல ஜோ பிரீஸ் இந்த ஓட்டத்துக்குன்னே குரோமோலி ஸ்டீல் குழாய்ல புதுசா ஒரு ஃப்ரேம் செஞ்சார். பிரீசர்னு பேர். முதல் வரிசையில மொத்தம் பத்து வண்டி. அந்த முதல் வண்டி இன்னைக்கு ஸ்மித்சோனியன்ல, அமெரிக்க தேசிய வரலாற்று மியூசியத்துல இருக்கு. சக்கரம் மட்டும் அதே 559 மில்லிமீட்டர். வேற அளவு எடுக்க முடியாது, ஏன்னா பருமனான டயர் கிடைச்சது அந்த அளவுலதான்.

அப்புறம் நடந்தது வேகமா நடந்தது. டாம் ரிச்சி ஃப்ரேம் செய்ய, 1979ல ஃபிஷரும் கெல்லியும் மவுன்டன் பைக்ஸ்னே பேர் வெச்சு ஒரு கம்பெனி ஆரம்பிச்சாங்க. விலை 1,300 டாலர் மாதிரி. அந்தப் பேரைத் தங்களுக்குன்னு பதிவு பண்ணப் பார்த்தாங்க, நடக்கல. அது பொதுப் பேராவே போயிடுச்சு. 1981ல ஸ்பெஷலைஸ்டு கம்பெனி ஸ்டம்ப்ஜம்பரைக் கொண்டுவந்தது. ஜப்பான்ல செஞ்சது, 750 டாலர். அதுக்கு அடுத்த வருஷம் ஷிமானோவும் மவுன்டன் பைக்குக்குன்னே டியோர் எக்ஸ்.டி. பார்ட்ஸ் இறக்கியது.

நம்ம விஷயத்துக்கு முக்கியமான இடம் இதுதான். இவ்வளவு மவுன்டன் பைக் வித்ததே, வாங்கினவங்க எல்லாம் மலைக்குப் போனாங்களா? பெரும்பாலானவங்க போகல. தெருவுல ஓட்டினாங்க. குனிஞ்சு படுக்க வேண்டாம், நிமிர்ந்து உட்காரலாம். குழியில விழுந்தாலும் டயர் தாங்கும். பாலம் ஏற சின்ன கியர் இருக்கு. 1987ல சியாட்டில் நகரத்துல சுரங்கப்பாதை வேலையால நடு ஊரே டிராஃபிக்ல முடங்க, ரெண்டு போலீஸ்காரர்கள் மவுன்டன் பைக்ல ரோந்து போக ஆரம்பிச்சாங்க. படிக்கட்டு இறங்கும், பிளாட்பாரம் ஏறும், சத்தம் இல்லாம திருடன் பக்கத்துல போய் நிக்கும். அப்புறம் எத்தனையோ ஊர் போலீஸ் அதைப் பின்பற்றியது.

அந்தக் கால ஃப்ரேமைச் செஞ்சவங்களும் இது ஊருக்குள்ள ஓடும், மூட்டை சுமக்கும்னு தெரிஞ்சேதான் செஞ்சாங்க. பின் சக்கரம் மாட்டுகிற இடத்துல கேரியருக்கும் மட்கார்டுக்கும் ஸ்க்ரூ மாட்ட ஓட்டை இருக்கும். சக்கரத்துக்கும் ஃப்ரேமுக்கும் நடுவுல தாராளமா இடம் விட்டிருப்பாங்க. பின்பக்கக் குழாய் நீளம், அதனால சாமான் வெச்சா குதிகால் இடிக்காது.

கடையில விற்பனைக்கே வந்த ஒரு உதாரணம் உண்டு. 1990களின் தொடக்கத்துல பிரிட்ஜ்ஸ்டோனோட அமெரிக்கக் கிளையில கிரான்ட் பீட்டர்சன்னு ஒருத்தர் எக்ஸ்ஓ-1னு ஒரு சைக்கிளை வடிவமைச்சார். மவுன்டன் பைக் சக்கரம், ஊர் சுத்த ஏத்த மெல்லிய டயர், மீசை மாதிரி வளைஞ்ச ஹேண்டில் பார். அப்போ அது ஓடல. பிரிட்ஜ்ஸ்டோன் 1994ல அமெரிக்க சைக்கிள் கடையையே கட்டியது. இன்னைக்கு அதே எக்ஸ்ஓ-1ஐ சேகரிக்கிறவங்க போட்டி போட்டு வாங்குறாங்க.

சரி, இவ்வளவு நல்ல வண்டி எப்போ பழசாச்சு? தேய்ஞ்சு பழசாகல. 1990 வாக்கில முன் ஃபோர்க்ல சஸ்பென்ஷன் வந்தது. அந்த வருஷம் கொலராடோவுல நடந்த முதல் உலக சாம்பியன்ஷிப்ல, இறக்க ரேஸை கிரெக் ஹெர்போல்ட் ராக்‌ஷாக்ஸ் ஃபோர்க்கோட ஜெயிச்சார். அதுக்கப்புறம் சஸ்பென்ஷன் இல்லாத வண்டியைக் கடையில ஏறெடுத்துப் பார்க்க ஆளில்ல. 1996ல அட்லான்டா ஒலிம்பிக்ஸ்ல மவுன்டன் பைக் போட்டி சேர்ந்தது. விளையாட்டு வளர வளர வண்டியும் விளையாட்டுக்கு மட்டும்னு மாறியது. கேரியர் ஓட்டை காணாமப் போச்சு. 2000களில் 29 இஞ்ச் சக்கரம், அப்புறம் 27.5. எண்பது வருஷம் ஓடின 26 இஞ்ச் சக்கரம் நல்ல மவுன்டன் பைக்குகள்லேருந்து வெளியேறியது. மலையில வேகமா ஓட்ட புதுசுதான் நல்லது, அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா தி.நகர் போய் வர அது எதுக்கு?

நம்ம ஊர்ல இந்தக் கதை இன்னொரு விதமா நடந்தது. தாத்தாவோட கறுப்பு சைக்கிளை நினைச்சுப் பாருங்க. கேரியர், மட்கார்ட், செயின் கவர், ஸ்டாண்ட், பெல், டைனமோ எல்லாம் அதுல உண்டு. கியர் சைக்கிள் வந்தப்போ இது எல்லாத்தையும் கழற்றிட்டுத்தான் ஸ்டைல்னு வந்தது. மழைக்காலத்துல ஸ்கூல் போன 90ஸ் கிட்ஸ் சட்டை முதுகுல ஒரு சேத்துக் கோடு இருக்கும். அந்தக் கோட்டுக்குக் காரணம் கலிஃபோர்னியா மலையில யாரோ மட்கார்டைக் கழற்றிப் போட்டது!

இப்போ உங்ககிட்ட ஒரு பழைய ஸ்டீல் எம்.டி.பி. இருக்குன்னு வெச்சுக்கோங்க. முதல்ல பார்க்க வேண்டியது ஃப்ரேம். ஹேண்டில் பாருக்குக் கீழ குழாய்கள் சேருகிற இடத்துலயும், பெடல் அச்சு இருக்கிற இடத்துலயும் விரிசல் இருக்கா பாருங்க. அங்கே பெயின்ட் சுருக்கம் விழுந்திருந்தா எங்கேயோ பலமா மோதின வண்டி, விட்டுடுங்க. அடுத்து சீட் கம்பி ஏறி இறங்குதா? ஸ்டீல் குழாய்க்குள்ள அலுமினியக் கம்பி வருஷக்கணக்கா கிரீஸ் இல்லாம இருந்தா ரெண்டும் ஒட்டிக்கும். அதை எடுக்கிறது பெரிய பாடு. முன்னாடி பழைய சஸ்பென்ஷன் ஃபோர்க்னா உள்ள இருக்கிற ரப்பர் மாதிரித் துண்டுகள் இறுகியோ பொடிஞ்சோ போயிருக்கும். அதைத் தூக்கிட்டு அதே உயரத்துக்கு ஒரு சாதா ஃபோர்க் போடுறது நல்லது.

பணம் செலவு பண்றதா இருந்தா டயர்ல பண்ணுங்க. முள்ளு டயர் தார் ரோட்டுல உர்ர்னு கத்தும், காலை இழுக்கும். 1.5லேருந்து 2 இஞ்ச் வரைக்கும் வழவழப்பான டயர் போட்டா அதே வண்டி வேற வண்டி ஆயிடும். வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. 26னு எழுதின டயர் எல்லாம் ஒண்ணு கிடையாது. 26 x 1.75, 26 x 1.95னு புள்ளி போட்டிருந்தா அது 559, ஷ்வின் கொண்டுவந்த அதே அளவு. 26 x 1 3/8னு பின்னமா எழுதியிருந்தா அது 590. ஒண்ணுல இன்னொண்ணு உட்காராது. நம்ம ஊர்ல சின்ன டவுன் கடையிலகூட 559 டயர் தொங்கும், ஏன்னா இங்கே 26 இஞ்ச் கியர் சைக்கிள் இன்னும் விற்குது.

என் வண்டியை இப்படி மாத்தினப்போ எங்க தெரு சைக்கிள் கடைக்குத்தான் கொண்டுபோனேன். அறுபது வயசு அண்ணன். சக்கரத்தைச் சுத்திவிட்டுக் கோட்டம் பார்த்தார். "தம்பி, இதுக்கு என்ன சாமான் வேணும்னாலும் கிடைக்கும். புது வண்டியைக் கொண்டாந்தாத்தான் கம்பெனியைக் கேளுன்னு சொல்ல வேண்டி இருக்கு"ன்னார். "ஏண்ணே?"ன்னு கேட்டேன். பெடல் அச்சைத் தொட்டுக் காட்டி, "இதெல்லாம் மரை போட்டது, கழற்றி மாட்டலாம்"னார்.

அண்ணன் சொன்னது வரலாறு. புது ஃப்ரேம்கள் பலதுல அச்சு பேரிங்கை அழுத்தித்தான் பொருத்தணும், அளவும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பழைய எம்.டி.பி.யில பெடல் அச்சு மரையில ஏறும். ஹேண்டில் பாரைப் பிடிக்கிற கழுத்தை ஒரே போல்ட்டைத் தளர்த்தி உருவி எடுக்கலாம், உயரமா நிமிர்ந்த ஒண்ணைச் சொருகலாம். கிளிக் சத்தம் இல்லாத பழைய கட்டைவிரல் ஷிஃப்டர் இருந்தா தயவுசெஞ்சு தூக்கிப் போடாதீங்க. பின்னாடி ஆறு பல்சக்கரம் இருந்தாலும் எட்டு இருந்தாலும் அது வேலை செய்யும், எத்தனைன்னு அதுக்குத் தெரியவே தெரியாது. முன்னாடி மூணு பல்சக்கரம் வேண்டாம்னா ஒண்ணு போதும்.

இன்ஸ்டாவுல ஒரு கோஷ்டி உண்டு. பழைய ஃப்ரேம்ல புது வண்டி விலைக்குப் பார்ட்ஸ் மாட்டி, கடற்கரையில நிறுத்திப் போட்டோ எடுக்கிறது. அழகாத்தான் இருக்கும், இல்லேங்கல. அதை டீக்கடை வாசல்ல பூட்டிட்டுப் போக மனசு வருமா? கேரியர், மட்கார்ட், ஸ்டாண்ட், லைட், நல்ல பிரேக் கட்டை, நல்ல பூட்டு. முதல்ல இது ஆறும். மத்தது மெதுவா வரட்டும்.

கடைசியா ஜோ பிரீஸ் என்ன ஆனார்னு சொல்லிடறேன். 5 டாலர் ஷ்வின்லேருந்து எல்லாத்தையும் கழற்றிப் போட்ட அதே ஆள், 2000களின் தொடக்கத்துல தன் பிரீசர் கம்பெனியை முழுசா ஊருக்குள்ள ஓட்டுகிற சைக்கிள் பக்கம் திருப்பினார். மட்கார்ட், கேரியர், டைனமோ லைட் எல்லாம் கடையிலேயே மாட்டி வரும். 2008ல கம்பெனியை விற்றார். 2015ல ஃபேர்ஃபேக்ஸ்ல ஒரு சைக்கிள் மியூசியம் திறந்தாங்க, ரீபேக் பாதைக்குப் பக்கத்து ஊர்தான். அதோட காப்பாளர் அவர். அந்தக் காலத்து டப்பா வண்டிகளை எல்லாம் அங்கே போனா பார்க்கலாம்.

உங்க வண்டியில என்ன மாத்தினீங்க, எந்தக் கடையில செஞ்சீங்கன்னு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.